நான்கு மில்லிமீட்டர் கோணல்

கோணல் மேடம் இதுவரை எரித்த கட்டடங்கள் நானூற்றுச் சொச்சம். பள்ளிக்கூடங்கள், சினிமா கொட்டகைகள், மூன்று அடுக்குக் கார் நிறுத்துமிடம், ஒரு பிஸ்கட் தொழிற்சாலை, இரண்டு விமான நிலையங்கள். காலையில் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாரென்றால் மதியச் சாப்பாட்டுக்குள் ஏதாவது ஒன்று சரிந்துவிடும். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். நிஜத்தில் அவருக்குத் தீக்குச்சி கிழிக்கவே பயம். வீட்டில் அடுப்பைப் பற்ற வைப்பது கணவரின் வேலை. அவர் வெளியூர் போகிற நாள்களில் மேடம் பிரெட்டும் வாழைப்பழமும் தின்று காலம் தள்ளுவார்.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை விளங்கியதில்லை. "இவ கம்ப்யூட்டர்ல கட்டடம் கொளுத்துறா, அதுக்கு சம்பளமும் தர்றாங்க" என்று அவருடைய அக்காவே நாலு பேர் கூடிய இடத்தில் அறிமுகம் செய்து வைத்தாள். விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை. இரும்பு என்றால் எதற்கும் அசையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அறுநூறு டிகிரி சூடு ஏறினால் எஃகுக்குப் பாதிப் பலம் போய்விடும். தலையில் இருக்கிற சுமை மட்டும் குறையாது. எத்தனையாவது நிமிடத்தில் ஒரு தூண் "என்னால முடியாதுப்பா" என்று மடங்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் மேடத்தின் பிழைப்பு.

கோணல் என்ற பட்டப்பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் வரைகிற தூண் அப்பழுக்கில்லாத நேர். அதை மேலேயிருந்து அமுக்கினால் இடது பக்கம் வளைவதா வலது பக்கம் வளைவதா என்று அதற்குத் தெரியாது. தெரியாததால் வளையாமலே நின்றுகொண்டிருக்கும். நிஜத் தூணுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. ஆலையிலிருந்து வரும்போதே எங்கேயோ ஒரு மயிரிழை கோணலோடுதான் வரும், சூடு ஏறியதும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். ஆகவே கணக்குப் போடுகிறவர்கள் தூணில் வேண்டுமென்றே கொஞ்சம் கோணலைப் புகுத்த வேண்டும். நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நாலு மீட்டர் தூணுக்கு நாலு மில்லிமீட்டர். அதற்கென்று திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் கோணல் சேரும், எடுத்துவிட்டால் போய்விடும்.

இந்த விஷயத்தில் மேடம் படு கறார். யார் மாடலைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கோணல் போட்டாச்சா?" என்பதுதான். போடவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்கவே மாட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள் ஆன ஒரு பெண் இதற்குப் பயந்து, அலுவலகச் சுவரில் மாட்டிய காலண்டரைக்கூடக் கொஞ்சம் சாய்த்து மாட்டினாள் என்பார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பிள்ளைகளை நேராக நிற்க வைப்பதற்காகவே ஊதல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர்.

பத்தொன்பது வருடமாக மேடத்தின் மேஜை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மெஷின் ஒரு பக்கம் அனலைக் கக்கும், மறுபக்கம் காகிதத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும். நகல் எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் மேடத்தின் மேஜையில் சாய்ந்துகொண்டு தங்கள் முதுகுவலி, மாமியார், மருமகள், பல் பிடுங்கிய விவரம் எல்லாவற்றையும் சொல்வார்கள். காகிதம் சிக்கினால், "மேடம், ஒரு கை கொடுங்களேன்" என்பார்கள். மேடத்துக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை. கதவு வைத்த ஓர் அறை. உள்ளே போய் மூடிக்கொண்டால் யார் பல்லும் தன் பொறுப்பில்லை என்று இருக்கிற ஓர் அறை. இந்த வயதில் இதற்கு ஆசைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆசையும் விடவில்லை.

அந்த ஆசை நிறைவேறுகிற மாதிரி ஒரு வேலை வந்தது. புதிதாகக் கட்டுகிற மகப்பேறு மருத்துவமனை, நாலு மாடி, எல்லாம் எஃகுத் தூண்கள். தீப்பிடித்தால் தூண் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு பூச்சு இருக்கிறது. சூடு பட்டால் அது பால் பொங்குகிற மாதிரி நுரைத்துப் பொங்கித் தூணைப் போர்த்திக்கொள்ளும். அதைத் தடியாக அடிக்க வேண்டுமா, மெல்லிசாக அடித்தால் போதுமா? மேடம் கணக்குப் போட்டார். மெல்லிய பூச்சிலேயே எழுபத்து நாலு நிமிடம் என்று வந்தது.

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மருத்துவமனைக்காரர்களுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. பூச்சு பாதி மிச்சம், நாள்களும் மிச்சம். "மேடம், அந்த ரெக்கார்டு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன், இனிமே அது உங்க ரூம்" என்றார் மேலாளர். டிரில் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி ஓவிய ஆசிரியரைப் பிடித்து ஒரு பெயர்ப்பலகை எழுதி வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பத்தோடு போய் அறையைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. அறையில் பார்க்க ஒரு மேஜையும் நாற்காலியும்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

அறையின் கதவு மட்டும் சரியாக மூடவில்லை. வெள்ளிக்கிழமை காலை மேடம் போனபோது மேலாளர் அனுப்பிய தச்சர் ஏற்கெனவே வந்து, கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"என்ன அண்ணே, கதவு கோணலா?"

"கதவு நேர்தாம்மா. பக்கத்துல நிக்குது பாருங்க தூண், அதான் சாஞ்சு நிக்குது. கதவு நிலையையும் சேத்து இழுத்திருக்கு." தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். நூலுக்கும் தூணுக்கும் நடுவே மேலே ஓர் இடைவெளி, கீழே வேறோர் இடைவெளி.

"எவ்வளவு இருக்கும்?"

"ஒண்ணேகால் நூல்."

நூல் என்பது தச்சர் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மேடத்தின் மூளை தானாகவே மாற்றிப் போட்டது. நாலு மில்லிமீட்டர்.

"முப்பது வருஷமா கதவு மாட்டுறேன்" என்று தச்சர் இழைப்புளியை எடுத்துக்கொண்டே சொன்னார். "ஒரு கட்டடத்துலயாவது நேரா ஒரு தூணை நான் பாத்ததில்லை. நேரா இருக்குன்னு நம்பி மாட்டினோம்னா கதவு நம்மளப் பாத்து சிரிக்கும். அதனால கோணலைச் சேத்துத்தாம்மா அளவே எடுப்பேன்."

மேடம், தனக்கு வாய்த்த சீடர் என்ற பாவனையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. "அண்ணே, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் ஓடினார்.

மகப்பேறு மருத்துவமனை மாடலைத் திறந்தார். சின்னக் கட்டம் காலியாக இருந்தது. டிக் இல்லை.

எப்படி என்று யோசித்ததும் நினைவுக்கு வந்துவிட்டது. முதலில் கோணலை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். சுமையெல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிக்கைத் திரும்பப் போட்டு நிஜக் கணக்கை ஓட்டுவார். அன்றைக்கு டிக்கை எடுத்த வேளையில் யாரோ, "மேடம், ஒரு கை கொடுங்களேன்" என்று கூப்பிட்டார்கள். மெஷினுக்குள் கையை விட்டுக் காகிதத்தை உருவி எடுத்துவிட்டு வந்தவர், டிக்கைத் திரும்பப் போட்டாயிற்று என்ற நினைப்பில் ஓட்டிவிட்டார். ஊரையெல்லாம் கேட்கிற மேடத்தை அந்தக் கேள்வி கேட்க அலுவலகத்தில் ஆளே இல்லை. கேட்டிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருப்பார், அதையும் சொல்ல வேண்டும்.

டிக்கைப் போட்டு மறுபடி ஓட்டினார். முக்கால் மணி நேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முப்பதாவது நிமிடம் வரை தூண் மரியாதையாக நின்றது. பிறகு இடுப்பைக் கொஞ்சம் நெளித்தது. நாற்பத்தோராவது நிமிடத்தில் மடங்கியது. தடிப் பூச்சோடு இன்னொரு தடவை ஓட்டினார். அறுபத்தெட்டு வந்தது. இதற்குள் மதியம் ஆகிவிட்டது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"சார், ஆஸ்பத்திரி கணக்குல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் மேலாளர் முன்னால் நின்று.

"யார் பண்ணினது?"

"நான்தான். கோணல் போட மறந்துட்டேன்."

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது. "இப்ப போட்டா எவ்வளவு வருது?"

"நாப்பத்தொண்ணு."

"அப்ப போடாதீங்க."

"சார்!"

"இல்ல மேடம், நானும் தெரியாமத்தான் கேக்குறேன். ஒழுங்கா நிக்கிற தூணை நீங்களே வளைச்சு விட்டுட்டு, ஐயோ விழுந்துடுச்சுன்னு நீங்களே சொன்னா எப்படி?"

"நான் எங்க சார் வளைச்சேன்? அது வளைஞ்சுதான் பொறக்குது. நம்ம ரூம் தூணே வளைஞ்சிருக்கு, தச்சர் அளந்து சொன்னாரு."

"சரி, நாப்பத்தொரு நிமிஷம்னா கம்மியா? அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சே முடிச்சிடுவேன்."

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. விவரம் தெரியாதவரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு பேசினார். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணுவோம். தடிப் பூச்சா அடிச்சா இன்னும் நல்லதுன்னு ஒரு ஆலோசனைக் கடிதம் போடுவோம். தப்புங்கிற வார்த்தையே வேண்டாம்."

"திங்கக்கிழமை தூணைச் சுத்திப் பலகை அடிச்சு மூடுறாங்க சார். ஆலோசனைன்னா வாங்கி ஃபைல்ல வெச்சிட்டு அவங்க பாட்டுக்கு மூடிடுவாங்க. தப்புன்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க."

"நிறுத்தினா, யார் தப்புன்னு கேப்பாங்கல்ல? தப்பு பண்ணினவங்களுக்கு ரூம் கொடுத்திருக்கேன்னு நான் எந்த முகத்தோட..." மேலாளர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "திங்கக்கிழமை காலைல பேசிக்கலாம், போங்க" என்றார்.

மேடம் அறைக்குப் போனார். தச்சர் வேலையை முடித்துக் கதவை மாட்டிவிட்டுப் போயிருந்தார். உள்ளே நுழைந்து மூடினார். ஒரு சத்தமும் இல்லாமல் பொருந்தி மூடியது. மெஷின் சத்தம் இல்லை, முதுகுவலிக் கதை இல்லை. பத்தொன்பது வருடத்தில் அலுவலகத்துக்குள் முதல் தடவையாகத் தன் மூச்சு தனக்கே கேட்டது. அழுகை வந்தது, அழுதார். நாற்பத்தொன்று போதுமாக இருந்துவிடாதா என்று மனசு பேரம் பேசியது. ஒரு மணி நேரம் என்பது விதி, ஆனால் விதி எழுதியவர்கள் கூட்டித்தானே எழுதியிருப்பார்கள்? அப்படியே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரிடமிருந்த தொழில் புத்தி எழுந்துகொண்டது. போதுமா போதாதா என்பதை இங்கே உட்கார்ந்து அழுது கண்டுபிடிக்க முடியாது, போய்க் கேட்க வேண்டும். புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிற பழைய மகப்பேறு மருத்துவமனை நாலு தெரு தள்ளித்தான் இருந்தது.

நடந்துகொண்டே கணவருக்கு ஃபோன் போட்டார். "என்னங்க, ஞாயித்துக்கிழமை அக்காவை வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன், பெயின்ட் அடிக்கிறாங்களா?"

மேடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஊதல் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன.

"தப்பு பண்ணினா கையைத் தூக்குன்னுதான் நான் பசங்ககிட்ட சொல்றது" என்றார் டிரில் மாஸ்டர். "தூக்கினவனை நான் ஒண்ணுமே பண்ணினதில்ல."

"பொய் சொல்லாதீங்க. கிரவுண்டைச் சுத்தி ஓட விடுவீங்க."

"ஓட விடுவேன். ஆனா கூடவே நானும் ஓடுவேன்ல? நீ போய்ட்டு வா."

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் தலைமை நர்ஸ் ஒரு கையில் துணியில் சுற்றிய குழந்தையும் மறு கையில் பேனாவுமாக நின்றிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "யாருக்கு வந்திருக்கீங்க? அத்தையா, பெரியம்மாவா?" என்றார்.

"இல்ல சிஸ்டர், நான் கணக்குப் போடுறவ."

"கணக்குப் பிரிவு கீழ."

"அந்தக் கணக்கு இல்ல. இங்க தீப்பிடிச்சா எல்லாரையும் கீழ இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அலுவலகத்தில் தினம் பத்து தடவை கேட்கிற கேள்விதான். வார்டில் கேட்கக் கூடாது என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. நாலு தாய்மார்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒருத்தி செருப்பைத் தேடினாள். "ஒண்ணுமில்ல, படுங்க, படுங்க!" என்று தலைமை நர்ஸ் அதட்டிவிட்டு மேடத்தை நடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடம் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "இந்தாங்க, இதைப் பிடிங்க. இவங்க அம்மா குளிக்கப் போயிருக்கு. நான் ரிஜிஸ்டரை எடுத்துட்டு வர்றேன்" என்று குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மேடம் தன் மகனைத் தூக்கி இருபது வருடம் ஆகிவிட்டது. குழந்தை பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. இறுக்கினால் நொறுங்கிவிடும், தளர்த்தினால் நழுவிவிடும் என்ற பயத்தில் கோணல் மேடம் டிரில் மாஸ்டரே பாராட்டும்படி விறைத்து நின்றார்.

நர்ஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். "போன வருஷம் ஒத்திகை பாத்தோம். ஐம்பத்திரண்டு நிமிஷம். லிஃப்ட் கூடாதுல்ல? ஆபரேஷன் ஆனவங்களை ஸ்ட்ரெச்சர்ல வெச்சு ஒவ்வொரு படியா இறக்கணும். குழந்தைங்களை ஆளுக்கு ரெண்டா தூக்குவோம். புதுக் கட்டடத்துல ஒரு மாடி ஜாஸ்தி. ஐம்பத்தெட்டுன்னு வெச்சுக்குங்க."

ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்று போனால் பதினேழு. இதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. மேடம் குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையால் ஃபோனை எடுத்துப் புதுக் கட்டடத்தின் பொறியாளரைக் கூப்பிட்டார்.

"சார், மெல்லிசுப் பூச்சு போதும்னு நான் கொடுத்த கணக்கு தப்பு. திங்கக்கிழமை தூணை மூடாதீங்க. தடிப் பூச்சு அடிக்கணும்."

"தப்புன்னா? கம்ப்யூட்டர் கோளாறா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பழி கம்ப்யூட்டர் தலையில் போயிருக்கும், அறையும் ஒருவேளை தப்பித்திருக்கும். மேடத்துக்கும் அது தோன்றாமல் இல்லை.

"இல்ல சார். கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சது. நான்தான் மறந்துட்டேன். இன்னிக்கே எழுதித் தர்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அச்சில் போட முடியாத நாலைந்து வார்த்தைகள் வந்தன. மேடம் ஃபோனைக் குழந்தையின் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கடைசியில் பொறியாளர், "சரி, நிறுத்துறேன்" என்றார்.

அறை என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து அதில் ஜெராக்ஸ் மெஷினைக் கொண்டுபோய் வைத்தார்கள். தூசி படாமல் இருக்க வேண்டுமாம். பெயர்ப்பலகை டிரில் மாஸ்டர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மேலாளர் ஒரு வாரம் மேடத்தோடு பேசவில்லை. அதன் பிறகு ஒரு புது விதி போட்டார். மேடத்தின் கணக்கையும் இனி இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

அன்றைக்கு மருத்துவமனை நடையில், மேடம் ஃபோனை வைத்ததும் தலைமை நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். "அந்தத் தடிப் பூச்சு அடிச்சா எத்தனை நிமிஷம் கிடைக்கும்?"

"அறுபத்தெட்டு."

"எங்களுக்கு ஐம்பத்தெட்டு ஆகும். அப்ப பத்து நிமிஷம் மிச்சம்." நர்ஸின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அது போதும். எல்லாரையும் இறக்கினப்புறம் நான் ஒரு தடவை மேல ஏறி, கட்டில் கட்டிலா எண்ணிப் பாத்துட்டு வந்துடுவேன்."

"எரியுறப்பவா? நீங்களா?"

"பின்ன? எண்ணாம எப்படி விடுறது?" என்றார் நர்ஸ், கேள்வியே புரியாதவராக. நோட்டைச் சுவரில் வைத்து, ஒத்திகைக் கணக்குக்குக் கீழே பத்து நிமிடம் என்று எழுதப் போனார்.

பத்தொன்பது வருடமாக மேடத்துக்கு நிமிடம் என்றால் தூண் மடங்குகிற நேரம், அவ்வளவுதான். அதை நம்பி ஒரு மனுஷி படியேறப் போகிறாள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் சட்டென்று கையை நீட்டி நர்ஸின் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எழுதாதீங்க சிஸ்டர். நான் போய்க் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்."